லேப்டாப் வைஃபை தகராறு: கார்டை மாற்றுவதா, யூஎஸ்பி அடாப்டரா, ரிப்பீட்டரா?

ரௌட்டருக்கும் என் மேசைக்கும் நடுவில் இரண்டே சுவர்தான். போனில் வீடியோ சிக்காமல் ஓடும். அதே மேசையில் இருக்கும் லேப்டாப்பில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். கேட்டவர்கள் எல்லாம் “ரௌட்டரை மாத்திடு” என்றார்கள். பக்கத்திலேயே போன் நன்றாக வேலை செய்யும்போது ரௌட்டர் என்ன பாவம் செய்தது?

விலை குறைந்த லேப்டாப்பில் தயாரிப்பாளர் சிக்கனம் பார்க்கும் இடங்களில், வைஃபை சிக்னலைப் பிடிக்கிற உள்ளே இருக்கும் வைஃபை கார்டும் ஒன்று. பலவற்றில் ஒரே ஆன்டெனா, சிலவற்றில் வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் மெதுவான 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான், வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் இல்லை. ஒற்றை ஆன்டெனா உள்ள, பழைய தலைமுறையான வைஃபை 4 கார்டு, 20 மெகாஹெர்ட்ஸ் சேனலில் நொடிக்கு 72 மெகாபிட் என்று காட்டும். கைக்கு அதில் பாதி வந்தாலே பெரிது. ஒற்றை ஆன்டெனாவாகவே இருந்தாலும், அடுத்த தலைமுறையான வைஃபை 5 கார்டு 5 கிகாஹெர்ட்ஸில் சேர்ந்தால் 433 வரை காட்டும். இன்டர்நெட் பிளானை எவ்வளவு உயர்த்தினாலும் இந்த வாசல் அகலமாகாது.

காசு செலவழிக்கும் முன் இரண்டு வேலைகள். விண்டோஸ் என்றால் டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டைத் திறந்து, மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அதை அணைத்துக்கொள்ளலாம் என்று டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்துபோகும் இணைப்பு பல நேரம் இதிலேயே சரியாகிவிடும். கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்தே போடுங்கள். நெட்வொர்க் ரீசெட்டைக் கடைசிக்கு வையுங்கள். சேமித்த பாஸ்வேர்டு எல்லாவற்றையும் துடைத்துவிடும்.

இரண்டாவது, எனக்குப் பிடித்த சோதனை. ஆண்ட்ராய்டு போனை வீட்டு வைஃபையில் இணைத்து, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, கேபிளில் லேப்டாப்போடு சேர்த்து யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். பெரும்பாலான போன்கள் வைஃபையில் வரும் இன்டர்நெட்டையே கேபிள் வழியாகக் கொடுத்துவிடும். இப்போது வேகம் வந்தால் குற்றவாளி லேப்டாப்பின் வைஃபைதான். வராவிட்டால் அந்த இடத்துக்குச் சிக்னலே சரியாக எட்டவில்லை என்று அர்த்தம். ஒரு பொருளும் வாங்காமல் பாதி வழக்கு முடிந்துவிடும்.

குற்றவாளி லேப்டாப்தான் என்றால், போட்டி உள்ளே இருக்கும் கார்டுக்கும் வெளியே செருகும் யூஎஸ்பி அடாப்டருக்கும்தான்.

நியாயப்படி கார்டுதான் ஜெயிக்க வேண்டும். லேப்டாப்பின் ஆன்டெனா பெரும்பாலும் திரையின் ஓரத்தில் உயரமாக இருக்கும். சிக்னல் பிடிக்க நல்ல இடம். எதுவும் வெளியே துருத்தாது, போர்ட்டும் மிச்சம். ஆனால் கண்ணி வைத்த இடங்கள் அதிகம். சில மாடல்களில் கார்டு போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும்; மாற்றவே முடியாது. சில பழைய லேப்டாப்புகளின் பயாஸ் (லேப்டாப்பைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்), தனக்குத் தெரியாத கார்டை ஏற்காது. அப்புறம் இன்டெலின் ஏஎக்ஸ்210, ஏஎக்ஸ்211 என்ற இரண்டு வைஃபை கார்டுகளின் குழப்பம். முதலாவது, எம்.2 என்ற பொதுவான ஸ்லாட்டில் செருகும் சாதாரண கார்டு. இரண்டாவதன் வேலையில் ஒரு பகுதி இன்டெல் பிளாட்ஃபார்முக்குள்ளேயே நடக்கிறது; அதற்கு ஏற்ற இன்டெல் லேப்டாப்பில்தான் ஓடும், ஏஎம்டி பிராசஸர் உள்ள லேப்டாப்பில் ஓடாது. ஒரே ஒரு எண் வித்தியாசம்.

நான் விழுந்தது வேறு குழியில். இரண்டு ஆன்டெனா கார்டை முதலில் வாங்கிவிட்டு, அப்புறம்தான் அடிமூடியைக் கழற்றினேன். பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டுப் பார்த்தால், 22 மில்லிமீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் நீளத்தில் பழைய கார்டு. அதன் மேல் அரிசி மணியைவிடச் சின்ன வட்டக் கொக்கியில் ஒரே ஒரு கறுப்பு வயர். இரண்டாவது வயர் எங்காவது ஒட்டியிருக்குமோ என்று டார்ச் அடித்துத் தேடினேன். இல்லவே இல்லை. புதுக் கார்டின் இரண்டாவது கொக்கி சும்மா கிடக்க வேண்டியதுதான். முதலில் மூடி, பிறகு கார்டு. அந்த வரிசையை நான் தலைகீழாகச் செய்தேன்.

யூஎஸ்பி அடாப்டரில் இந்தத் தொல்லை இல்லை, செருகினால் முடிந்தது. ஆனால் நகம் அளவு இருக்கும் குட்டி அடாப்டர்களை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆன்டெனாவும் அதே அளவுதானே. யூஎஸ்பி 3 சாதனங்கள் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ரேடியோ இரைச்சலைக் கிளப்பும். பக்கத்துப் போர்ட்டில் ஹார்டு டிஸ்க் ஓடினால் குட்டி அடாப்டர் திணறும். 5 கிகாஹெர்ட்ஸ் பிடிக்கிற, மடக்கும் ஆன்டெனா உள்ள ஒன்றை, ஒரு முழம் எக்ஸ்டென்ஷன் கேபிளில் தள்ளி வைத்தால் கதையே வேறு. லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் உள்ளே இருக்கும் சிப்புக்கு டிரைவர் உண்டா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

லேன் கேபிளைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. இழுக்க முடிந்தால் அதை மிஞ்ச ஆள் கிடையாது. கேட் 5இ கேபிளே 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட் தாங்கும். வேகம் 100 மெகாபிட்டிலேயே நின்றால் கேபிளின் முனையைச் சந்தேகியுங்கள்: கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும், 100க்கு இரண்டே போதும்.

ரௌட்டரின் சிக்னலைப் பிடித்துத் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர், டெதரிங் சோதனையில் போனும் தோற்ற வீடுகளுக்கு மட்டும். ஒரே ரேடியோவில் கேட்டு, அதிலேயே திருப்பிச் சொல்லும் மலிவு ரகம் வேகத்தைப் பாதியாக்கிவிடும். அதையும் சிக்னல் செத்த அறையிலேயே கொண்டுபோய் மாட்டுகிறார்கள். அங்கே அது எதைக் கேட்டு எதைச் சொல்லும்? பாதி வழியில் மாட்ட வேண்டும். அதற்கு முன், ரௌட்டரை டிவிக்குப் பின்னாலிருந்து எடுத்து அலமாரி மேல் வைத்துப் பாருங்கள்.

என் கதை அடாப்டரில்தான் முடிந்தது. எக்ஸ்டென்ஷன் கேபிளின் முனையில், திரைக்குப் பின்னால் டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். பார்க்க லட்சணமாக இல்லை, ஆனால் வட்டம் சுற்றுவதில்லை. இரண்டு ஆன்டெனா கார்டு மேசை டிராயரில் இருக்கிறது.