நிறைக் குறைவிலிருந்து ஆற்றல்: எந்த வழியில் கணக்குப் போடலாம்?

சேலத்தில் என்னிடம் படிக்கும் ப்ளஸ் டூ பிள்ளைகள் அணுக்கரு வினையில் குறையும் நிறை எவ்வளவு ஆற்றலாகிறது என்ற கணக்கை மூன்று விதமாகப் போடுகிறார்கள். விடை மூன்றிலும் வரும். தப்பு நுழையும் இடம்தான் வேறு.

ஹைட்ரஜனின் கனமான வகைகளான டியூட்ரியமும் டிரிட்டியமும் இணைந்து ஹீலியமும் நியூட்ரானும் உண்டாகும் வினையை எடுத்துக்கொள்வோம். வினைக்கு முன் மொத்த நிறை 2.014102 + 3.016049 = 5.030151. பின் 4.002603 + 1.008665 = 5.011268. குறைந்தது 0.018883 அணு நிறை அலகு.

ஒரு அணு நிறை அலகு 931.5 எம்.இ.வி. (மெகா எலக்ட்ரான் வோல்ட்) ஆற்றலுக்குச் சமம். எனவே இதை 931.5-ஆல் பெருக்கினால் 17.59 எம்.இ.வி. ஒரே பெருக்கல். கால்குலேட்டர் இல்லாத நீட் தேர்வுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

கிலோகிராமுக்கு மாற்றி ஒளிவேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் 2.82 × 10⁻¹² ஜூல். அதே ஆற்றல்தான். ஆனால் பத்தின் அடுக்குகளான மைனஸ் 27-ஐயும் பிளஸ் 16-ஐயும் லாக் புத்தகத்தோடு சேர்த்துச் சமாளிக்கும்போது அடுக்கு ஒன்று கூடிவிடும், அல்லது குறைந்துவிடும்.

மூன்றாவது பிணைப்பாற்றல் வழி. அணுக்கருவைத் தனித்தனித் துகள்களாகப் பிரிக்கத் தேவைப்படும் ஆற்றல்தான் பிணைப்பாற்றல்; எல்லாம் எம்.இ.வி.யில். ஹீலியத்துக்கு 28.30, டியூட்ரியத்துக்கு 2.22, டிரிட்டியத்துக்கு 8.48, தனி நியூட்ரானுக்குச் சுழி. 28.30 − 10.70 = 17.60. கேள்வியிலேயே பிணைப்பாற்றல் கொடுத்திருந்தால் இதைவிடச் சுருக்கம் கிடையாது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: நிறையில் ‘முன்’னிலிருந்து ‘பின்’னைக் கழிக்கிறோம், இங்கே ‘பின்’னிலிருந்து ‘முன்’னை. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே இதில் குறியை மாற்றிவிடுகிறார்கள்.

நிறையை வைத்துப் போடும் இரண்டு வழிகளுக்கும் பொதுவான ஆபத்து, கழிக்கும் முன்பே தசமத்தைச் சுருக்குவது. மேலே உள்ள நிறைகளை மூன்று தசமத்தோடு நிறுத்திப் பாருங்கள்: 5.030 − 5.012 = 0.018. விடை 16.8-க்கு இறங்கிவிடும். ஆறு தசமமும் கழித்தல் முடியும்வரை இருக்கட்டும்.

பாசிட்ரான், அதாவது நேர்மின் கொண்ட எலக்ட்ரான், வெளிவரும் சிதைவில் இன்னொரு பொறி. கார்பன்-11 சிதைந்து போரான்-11 ஆவதைப் பாருங்கள். கார்பன்-11-இன் அணு நிறை 11.011434, போரான்-11-க்கு 11.009305. வித்தியாசத்தை 931.5-ஆல் பெருக்கினால் 1.98 வரும், விடை அதுவல்ல. அணு நிறையில் எலக்ட்ரான்களும் அடக்கம். கார்பனில் போரானைவிட ஓர் எலக்ட்ரான் கூடுதல், வெளிவரும் பாசிட்ரானுக்கும் அதே நிறை என்பதால் இரண்டு எலக்ட்ரான் நிறைக்கான 1.02-ஐக் கழிக்க வேண்டும். மிஞ்சுவது 0.96 எம்.இ.வி. 931.5-ஐ மனப்பாடமாக மட்டும் வைத்திருப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

அதற்காகக் கிலோகிராம் வழியை ஒதுக்கிவிடக் கூடாது. ஒரு கிராம் நிறை முழுதும் ஆற்றலானால் 9 × 10¹³ ஜூல், அதாவது இரண்டரைக் கோடி யூனிட் மின்சாரம். நம் மேட்டூர் அனல் மின் நிலையம் தன் 1,440 மெகாவாட் திறனையும் முழுதாக ஓட்டினால் இவ்வளவு தர ஏறத்தாழ 17 மணி நேரம் ஆகும். இந்தப் பிரம்மாண்டம் எம்.இ.வி.யில் பிடிபடாது. கேள்வி கிராமிலோ யூனிட்டிலோ இருந்தால் 931.5 பக்கமே போக வேண்டாம். நேராக ஜூலில் போடுங்கள்.