சுங்கத் தரகுப் பயிற்சி, வேலை உத்தரவாதம் என்று கூப்பிடுகிறார்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

படிப்பு முடித்து வேலை தேடிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் ஏமாந்தது 2023இல். அதே மாதிரியான விளம்பரம் இப்போதும் கண்ணில் படுகிறது, அதனால்தான் சும்மா இருக்க முடியவில்லை.

ஆறு மாதப் பயிற்சி, உறுதியான வேலை, முடிவில் சுங்கத் தரகர், அதாவது அடுத்தவருக்காகச் சுங்கத்தில் சரக்கு ஆவணம் தாக்கல் செய்பவர் என்ற சான்றிதழ். இதுதான் அவர்கள் சொன்னது. கட்டணத்துக்கு அப்பா கடன் வாங்கினார். பின்னால் எனக்குக் கிடைத்த முதல் சம்பளத்தோடு ஒப்பிட்டால் அது எட்டு மாதச் சம்பளம். சேர்ந்த அன்றே பட்டச் சான்றிதழின் அசலை 'சரிபார்க்க' என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஓர் ஒப்பந்தத்திலும் கையெழுத்து வாங்கினார்கள். இரண்டு ஆண்டு அவர்கள் சொல்லும் இடத்தில் வேலை பார்க்க வேண்டும், என்னால் நிறுவனத்துக்கு நஷ்டம் வந்தால் நான் ஈடுகட்ட வேண்டும் என்று அதில் இருந்தது. நான் அதை முழுசாகப் படிக்கவில்லை. பிரதியும் கேட்கவில்லை.

வகுப்பு நடந்தது இரண்டு மாதம். 2010ஆம் ஆண்டின் இன்கோடெர்ம்ஸை, அதாவது சரக்கின் செலவும் பொறுப்பும் எங்கே விற்பவரிடமிருந்து வாங்குபவருக்கு மாறும் என்று சொல்லும் சர்வதேச விதிகளை, வைத்தே பாடம் எடுத்தார்கள். 2020 பதிப்பில் டிஏடி என்ற விதி போய் அதன் இடத்தில் டிபியூ என்ற விதி வந்ததே எங்களுக்குத் தெரியாது. சரக்கின் கன அளவை எடையாக மாற்ற எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு: கன சென்டிமீட்டரை 6000ஆல் வகு. அது விமானச் சரக்குக்கான கணக்கு. கப்பலில் கன்டெய்னரைப் பகிர்ந்து அனுப்பும் சரக்குக்கு ஒரு கன மீட்டரையும் 1000 கிலோவையும் சமமாக வைத்து, எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடுவார்கள். இந்த வித்தியாசம் தெரியாமல் ஒருவர் விலை கேட்டு வந்த வாடிக்கையாளருக்குப் பதில் எழுதினால் கணக்கு எங்கோ போய்விடும்.

இந்தத் தொழிலின் உயிரே ஹெச்.எஸ். கோடுதான், அதாவது ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் சுங்கத்தில் உள்ள வகைப்பாட்டு எண். அதற்கு ஒதுக்கியது ஒரே ஒரு மதியம். உலக சுங்க அமைப்பின் அந்தப் பட்டியலில் முதல் ஆறு இலக்கம் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் பொது. அதற்கு மேல் வருவதை அந்தந்த நாடு சேர்த்துக்கொள்ளும். எந்தப் பொருள் எங்கே போகும் என்று முடிவு செய்ய ஆறு பொது விதிகள் இருக்கின்றன, ஒவ்வொரு பகுதிக்கும் அத்தியாயத்துக்கும் குறிப்புகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைக்கூட நாங்கள் படிக்கவில்லை. "தேடினால் வந்துவிடும், இல்லாவிட்டால் பழைய பில்லைப் பார்" என்று முடித்துவிட்டார்கள்.

மீதி நான்கு மாதம் 'நேரடிப் பயிற்சி'. சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தரும் அதே முதலாளியின் கிளியரிங் அலுவலகத்தில் காலை முதல் இரவு வரை இன்வாய்ஸையும் பேக்கிங் லிஸ்ட்டையும் பார்த்து சிஸ்டத்தில் ஏற்றும் வேலை. சம்பளம் கிடையாது. நாங்கள் பதினோரு பேர். பணம் கட்டி அவர்களுடைய வேலையைச் செய்துகொண்டிருந்தோம். யோசித்துப் பாருங்கள், பயிற்சிக் கட்டணம் ஒரு பக்கம் வருமானம், கூலி இல்லாத ஆட்கள் இன்னொரு பக்கம். எங்களுக்குக் கற்றுக்கொடுக்க அவர்களுக்கு எந்தத் தேவையும் இல்லை. நாங்கள் போனால் அடுத்த பேட்ச் வரும்.

மூன்றாவது மாதம் ஒரு சரக்கு வந்தது. எவர்சில்வர் பாத்திரங்கள், கூடவே சூடு ஆறாத ஃபிளாஸ்க்குகள். இன்வாய்ஸில் எல்லாமே 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வீட்டுப் பொருட்கள்'. எனக்குச் சந்தேகம் வந்து மூத்தவரிடம் கேட்டேன். "தம்பி, போன தடவை 7323தான் போட்டோம், அப்படியே போடு" என்றார். போட்டேன். பாத்திரத்துக்கு 7323 சரி. ஆனால் வெற்றிடச் சுவர் உள்ள ஃபிளாஸ்க் எந்த உலோகத்தில் இருந்தாலும் 9617தான். 96ஆம் அத்தியாயப் பொருட்கள் உலோகப் பகுதியில் சேராது என்று அந்தப் பகுதியின் குறிப்பே சொல்கிறது. அதைப் படிக்க இரண்டு நிமிடம் போதும்.

சுங்கத்தில் கேள்வி எழுப்பினார்கள், பெட்டியைத் திறந்தார்கள். சரக்கு நின்றது. இலவச நாட்கள் தாண்டி துறைமுகத்தில் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறியது. வெளியே எடுத்த பிறகு காலி கன்டெய்னரைத் தாமதமாகத் திருப்பியதில் டிடென்ஷன் என்ற கட்டணமும் சேர்ந்தது. அபராதம் தனி. மறுநாள் என்னை உள்ளே கூப்பிட்டு, பதிவில் இருப்பது உன் லாகின், ஒப்பந்தப்படி நீதான் கட்ட வேண்டும், கட்டும்வரை பட்டச் சான்றிதழ் கிடைக்காது என்றார்கள். அந்த மூத்தவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார், ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று வீட்டுக்குப் போய் அப்பாவிடம் எப்படிச் சொன்னேன் என்பதை இப்போது நினைத்தாலும் தொண்டை அடைக்கிறது.

அசலை மீட்க ஐந்து மாதம் ஆனது. பேசியதெல்லாம் வீண், எழுத்தில் கேட்டு, அதன் நகலோடு தொழிலாளர் துறைக்குப் புகார் கொடுத்த பிறகுதான் அசைந்தார்கள். ஒருவரின் அடையாள ஆவணங்களையோ மதிப்புள்ள சொந்தப் பொருட்களையோ பிடித்து வைப்பதைக் கட்டாய உழைப்பின் அறிகுறிகளில் ஒன்றாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு சொல்கிறது. வேலை தேடித் தரும் தனியார் முகவர்கள் வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது அதன் 181ஆம் உடன்படிக்கையின் பொது விதி. ஏற்ற நாடுகளையே அது கட்டுப்படுத்தும், இருந்தாலும் புகாரில் எழுத உதவியது. கட்டிய பணம் மட்டும் திரும்பவில்லை.

அந்தச் 'சுங்கத் தரகர் சான்றிதழ்' பற்றியும் சொல்ல வேண்டும். தரகர் உரிமம் தேவைப்படும் இடங்களில் அதை அரசுதான் தரும். பயிற்சி மையம் அச்சடித்துத் தரும் காகிதத்தை வைத்து யாருக்காகவும் சுங்கத்தில் ஆவணம் தாக்கல் செய்ய முடியாது. சரக்கு அனுப்பும் நிறுவனங்களின் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபியாட்டாவின் பெயரைப் போட்டிருந்தாலும் நம்பிவிடாதீர்கள். 1926இல் தொடங்கிய அந்தக் கூட்டமைப்பின் டிப்ளமோ, அதில் உறுப்பினராக உள்ள தேசியச் சங்கங்களின் வழியாக நடப்பது. அந்தச் சங்கத்திடமே இந்த மையம் உங்கள் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டுவிடலாம்.

தொழில் கெட்டது இல்லை. இப்போது வாடிக்கையாளரின் சரக்கை அனுப்ப ஏற்பாடு செய்யும் ஒரு சிறிய ஃபார்வர்டிங் நிறுவனத்தில் இருக்கிறேன். சேர்ந்து மூன்று மாதம் நான் தயாரித்த எதுவும் அக்கா ஒருவர் பார்க்காமல் தாக்கல் ஆகவில்லை. ஒவ்வொரு கோடுக்கும் "ஏன் இது? பக்கத்தில் இருப்பது ஏன் இல்லை?" என்று கேட்பார், குறிப்பை எடுத்துக் காட்டச் சொல்வார். ஹவுஸ் பில், மாஸ்டர் பில் என்ற இரண்டு சரக்கு ஏற்றுச் சீட்டுகளையும் பக்கத்தில் வைத்து, எது நாம் கொடுத்தது, எது கப்பல் கம்பெனி கொடுத்தது, எதைக் காட்டினால் சரக்கை விடுவிக்கும் டெலிவரி ஆர்டர் வரும் என்று ஒரு முழு நாள் சொல்லிக் கொடுத்தார். முதல் மாதத்திலிருந்தே சம்பளமும் தந்தார்கள்.

சேரும் முன் அங்கே ஏற்கெனவே படித்து முடித்தவர்களில் இரண்டு பேரிடமாவது, மையத்துக்கு வெளியே, தனியாகப் பேசுங்கள். என் தவறைச் சரிபார்ப்பது யார், தாக்கல் செய்யும் ஆவணத்தில் கையெழுத்து யாருடையது என்று நிறுவனத்திடம் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் வந்துவிடுங்கள். அசலைக் காட்டுங்கள், கையில் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே மாட்டியிருப்பவர்கள் இன்றே மின்னஞ்சலில், தேதி போட்டு, அசலைத் திருப்பிக் கேளுங்கள். ஒப்பந்தத்தின் பிரதியையும் கேளுங்கள். சந்தேகமான கோடைப் போடச் சொன்னால் அந்த உத்தரவை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். என் பேட்ச்சில் இரண்டு பேருடைய சான்றிதழ் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அவர்களுக்காக அடுத்த வாரம் மறுபடி தொழிலாளர் துறைக்குப் போகிறோம்.