மலைச்சாலைக்கு எது தோது: கேம்பர்வேனா, மோட்டார்ஹோமா, டிரெய்லரா?

படுக்கை வசதியோடு பயணம் போக மூன்று வகை வண்டி உண்டு: வேனையே வீடாக மாற்றிய கேம்பர்வேன், அதைவிடப் பெரிய மோட்டார்ஹோம், இன்னொரு வண்டியின் பின்னால் மாட்டி இழுக்கும் டிரெய்லர். வண்டி பிடிக்கும்போது எத்தனை பேர் படுக்கலாம் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். மலைக்குப் போவதானால் அதற்கு முன் நீளத்தையும், பக்கக் கண்ணாடிகளோடு சேர்த்து அகலத்தையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். மலைப் பூங்காக்களில் எதைப் பார்ப்பீர்கள் என்பதையே அந்த அளவுதான் முடிவுசெய்யும்.

அமெரிக்காவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் கோயிங்-டு-த-சன் சாலையின் மலைப்பகுதிக்குள் 21 அடிக்கு மேல் நீளமான வண்டியை விடமாட்டார்கள். பம்பரும் அந்தக் கணக்கில் சேரும். அகலம் கண்ணாடியோடு 8 அடியைத் தாண்டக்கூடாது. அதே நாட்டின் தெற்கு டகோட்டாவில் 'நீடில்ஸ் ஐ' என்ற சுரங்கப்பாதையின் அகலமே 8 அடிதான். உயரம் 9 அடி 9 அங்குலம்.

இந்த இடங்களில் கேம்பர்வேனுக்குத்தான் வாய்ப்பு. குட்டை வேன் 20 அடிக்குள் அடங்கிவிடும். அதே வேனின் நீட்டிய மாடல் 24 அடி வரை போகும், அது உதவாது. கூரையில் ஏசி இருந்தால் உயரத்தையும் அளக்க வேண்டும். தினமும் இடம் மாறுகிற இருவருக்கு இதைவிடத் தோதான வண்டி இல்லை. குறை ஒன்றுதான்: தண்ணீர்த் தொட்டி சிறியது, சீக்கிரம் தீர்ந்துவிடும்.

ஓட்டுநர் தலைக்கு மேல் படுக்கை துருத்தி நிற்கும் பெரிய மோட்டார்ஹோம், பிள்ளைகுட்டியோடு போகிறவர்களுக்கு வசதி. கொண்டை ஊசி வளைவில்தான் சோதனை. பின்சக்கரத்துக்கு அப்பால் உடம்பு வெகுதூரம் நீண்டிருப்பதால், முன்பக்கத்தை இடப்பக்கம் ஒடித்தால் வால் வலப்பக்கம் வீசும். பாறையோ தடுப்புச்சுவரோ உரசுவது அந்த மூலையில்தான். இறக்கத்தில் எடையும் சேர்ந்து தள்ளும். பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தபடி இறங்கினால் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பிரேக் பேட் சூடேறிப் பிடிமானம் குறையும். பழைய பிரேக் ஆயில் ஈரம் உறிஞ்சியிருக்கும். அது கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சுபோல் அமுங்கும். அதனால் இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். பாதுகாப்பான வேகம் மணிக்கு 40 மைல் என்றால், 40-ஐத் தொட்டதும் சுமார் 3 விநாடி உறுதியாக மிதித்து 35-க்குக் கொண்டுவந்து காலை எடுத்துவிட வேண்டும். மறுபடி 40 வந்தால் மறுபடி அதேபோல். இடைவெளியில் பிரேக் ஆறும்.

ஏற்றத்திலும் கணக்கு உண்டு. டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவி) இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் ஏறக்குறைய 3 சதவீதம் சக்தி இழக்கும். அமெரிக்காவின் ராக்கி மலைத் தேசியப் பூங்காவில் உள்ள டிரெயில் ரிட்ஜ் சாலை 12,183 அடி வரை ஏறுகிறது. அங்கே மூன்றில் ஒரு பங்கு சக்தி போயிருக்கும்.

ஒரே முகாமில் நான்கைந்து நாள் தங்குகிறவர்கள் டிரெய்லரையே எடுக்கலாம் என்பது எங்கள் கருத்து. முகாமில் கழற்றி வைத்துவிட்டு, இழுத்துவந்த வண்டியிலேயே குறுகிய சாலைகளுக்குப் போய்வரலாம். இரவில் வீடு அதே இடத்தில் காத்திருக்கும். ஆனால் இழுத்துக்கொண்டு போகும்போது பாதை தவறினால் திரும்ப இடம் கிடைக்காது. டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் இழுக்கும் வண்டியோடு இணைக்கும் கொக்கியின்மேல் இறங்க வேண்டும். சாமான்களைப் பின்பக்கம் அடுக்கி அது குறைந்தால் இறக்கத்தில் வால் ஆடத் தொடங்கும். ஆடினால் இழுக்கும் வண்டியின் பிரேக்கை மிதிக்காமல், ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு, டிரெய்லரின் பிரேக்கை மட்டும், அதற்கென ஓட்டுநர் அருகில் இருக்கும் கைப்பிடியால் மெல்லக் கொடுங்கள். முகாமில் கொக்கியைக் கழற்றும் முன் இருபக்கச் சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிடுங்கள். மலை முகாம்களில் தரை சமமாகத் தெரிந்தாலும் பெரும்பாலும் சரிவாகத்தான் இருக்கும்.