மணிக்கட்டை நேராக்கும் கோல்ஃப் கிளவுஸ்: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஆறு மாதமாகக் கோல்ஃப் பயிற்சி மைதானத்தில், அதாவது ரேஞ்சில், நான் அடிக்கும் பந்தெல்லாம் வலது பக்கமே வளைந்து போகிறது. மட்டையைப் பின்னால் தூக்கும் பேக்ஸ்விங் உச்சிக்குப் போகும்போது இடது மணிக்கட்டு புறங்கைப் பக்கமாக மடங்கிவிடுகிறது, அதில் கிளப்பின் (மட்டையின்) முகம் வலப்பக்கமாகத் திறந்துகொள்கிறது, இந்த வலது வளைவு, அதாவது ஸ்லைஸ், அங்கிருந்துதான் வருகிறது என்றார் கோச். அன்று இரவே போனில் மணிக்கட்டை நேராக்கும் கிளவுஸ் விளம்பரம் வந்து நின்றது. ஒட்டுக்கேட்கிறதோ என்னவோ! ‘இரண்டே வாரத்தில் ஸ்லைஸ் போகும், போட்டியிலும் அணியலாம்.’ 2,799 ரூபாய் கட்டினேன்.

வந்தது வலது கை கிளவுஸ். வலது கை ஆட்டக்காரர்கள் போடுவது இடது கையில் என்பதுகூடத் தெரியாதவர்கள் விற்கிறார்கள். சரி, மாற்றித் தந்தார்கள், அதற்கு இன்னொரு பன்னிரண்டு நாள். அப்புறம்தான் உண்மையான தலைவலி.

இந்தக் கிளவுஸின் சூட்சுமம் புறங்கைப் பக்கம் இருக்கும் தகட்டில்தான். மணிக்கட்டு பின்னால் சாயாமல் தடுக்க வேண்டும், ஆனால் கட்டைவிரல் பக்கமாக மேலே மடங்க விட வேண்டும். அந்த மடக்கு இல்லாமல் ஸ்விங்கே இல்லை. விளம்பரப் படத்தில் தகட்டின் நடுவே ஒரு கீல் பளிச்சென்று தெரிந்தது. எனக்கு வந்ததில் கீலைக் காணோம். மூன்று கூடை பந்து அடித்ததும் முழங்கை வலித்தது, ஸ்லைஸ் அப்படியே இருந்தது.

வீட்டில் பிளேடால் தையலைப் பிரித்தேன். உள்ளே இரண்டு விரல் அகலத்தில் வெள்ளை பிளாஸ்டிக் பட்டை, அவ்வளவுதான். ஒரு ஸ்கேலைக் கையில் எடுத்துப் பாருங்கள்: படுக்கைவாட்டில் சுலபமாக வளையும், விளிம்புவாட்டில் அசையாது. புறங்கையில் அதை இறுக்கிக் கட்டினால் என்ன ஆகும்? தடுக்க வேண்டிய மடக்கை விட்டுவிடும், விட வேண்டிய மடக்கைத் தடுக்கும். காசு கொடுத்துத் தப்பான ஸ்விங்கைப் பழகியிருக்கிறேன். வெல்க்ரோவோ சென்னை வியர்வைக்கு இரண்டாம் நாளே வாயைப் பிளந்துவிட்டது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “தையல் பிரித்த பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது சார்” என்று பதில், கூடவே 200 ரூபாய் கூப்பன். பிரிக்கும் முன் எடுத்த போட்டோ ஒன்றுகூட என்னிடம் இல்லை, அது என் மடத்தனம். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்து பதினொரு நாள் ஆகிறது. புகார் எண் மட்டும் கையில் இருக்கிறது.

போட்டியில் அணியலாம் என்பதும் புளுகு. மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தும் கிளவுஸ் போட்டு ஆடினால் அடிகளை எண்ணி ஆடும் ஸ்ட்ரோக் ஆட்டத்தில் முதல் தடவை இரண்டு ஸ்ட்ரோக் (அடி) அபராதம், மறுபடி செய்தால் வெளியே. கோல்ஃப் விதி 4.3.

கிளவுஸைப் பார்த்துச் சிரித்த கோச், பையிலிருந்து பள்ளிப் பிள்ளைகளின் 15 செ.மீ. ஸ்கேலை எடுத்து என் வாட்ச் வாருக்கு அடியில் செருகினார். பாதி புறங்கை மேல், பாதி முன்கை மேல். மணிக்கட்டு பின்னால் சாய்ந்தால் ஸ்கேல் முனை புறங்கையில் குத்துகிறது, மற்றபடி கையைக் கட்டிப்போடுவதில்லை. நேற்று நாற்பது பந்து அடித்தேன், ஒன்பது நேராகப் போனது.