புது பாக்ஸ் செட்டா, பழைய அரை செட்டா? வேலூர் வெயிலில் ஒரு கோல்ஃப் கணக்கு

வேலூரில் இருந்துகொண்டு கோல்ஃப் ஆரம்பிக்க நினைப்பவரைச் சுற்றிச் சுற்றி வரும் கேள்வி இதுதான். பை, உறை எல்லாம் சேர்த்து ஒரே பெட்டியில் வரும் புது தொடக்க செட்டை வாங்குவதா? இல்லை, சென்னையிலோ பெங்களூருவிலோ யாரோ ஆடிவிட்டுத் தள்ளும் நல்ல கம்பெனி கிளப்புகளில், அதாவது கோல்ஃப் மட்டைகளில், ஆறேழை மட்டும் அரை செட்டாகப் பொறுக்கி எடுப்பதா? நான் எடுத்தது இரண்டாவது. தராசு அந்தப் பக்கம் சாயும், தெரிந்தே படியுங்கள்.

பேரம் பேசப் போகுமுன் சில வார்த்தைகள் பழகியிருக்க வேண்டும். பந்து படும் முகம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது லாஃப்ட். சாய்வு கூடினால் பந்து உயரமாக எழும்பி, சீக்கிரம் இறங்கி நிற்கும். அதிக தூரம் அடிக்கும் டிரைவருக்கு 10 டிகிரி சுமார், நடுத்தர தூரத்துக்கான 7 அயர்னுக்கு 28 முதல் 35 வரை, மணல் குழியிலிருந்து பந்தை எடுக்கும் சாண்ட் வெட்ஜுக்கு 54 முதல் 56 வரை, பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டருக்கு 3, 4 டிகிரிதான். நீளமான தண்டு ஷாஃப்ட். அது எவ்வளவு வளைந்து கொடுக்கிறது என்பது ஃப்ளெக்ஸ். ரெகுலர் என்று எழுதியிருந்தால் பெரும்பாலான ஆண்களுக்கு ஆரம்பத்தில் போதும். தலையும் தண்டும் சேரும் கழுத்து ஹோசல், அதன்மேல் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் வளையம் ஃபெரூல். தரையில் வைத்தால் தண்டு நிற்கும் கோணம் லை. அடிப்பகுதி சோல். தரையைக் கிழிக்காமல் சோல் எவ்வளவு வழுக்கிப் போகும் என்பதைச் சொல்வது பவுன்ஸ். பார், பேர்டி, போகி என்ற ஸ்கோர் வார்த்தைகள் எல்லாம் மைதானத்துக்குப் போன முதல் நாளே தானாக வந்துவிடும்.

இன்னொன்று: விதிப்படி ஒரு ஆட்டத்தில் அதிகபட்சம் 14 கிளப் எடுத்துப் போகலாம். குறைந்தபட்சம் என்று எதுவும் கிடையாது.

பாக்ஸ் செட்டின் நியாயம் எளிது. வில்சன், காலவேயின் ஸ்ட்ராட்டா மாதிரிப் பெட்டிகளில் டிரைவர், தரையில் கிடக்கும் பந்தைத் தூரம் அடிக்கும் ஃபேர்வே வுட், வுட்டுக்கும் அயர்னுக்கும் நடுவில் வரும் ஹைப்ரிட், சில அயர்ன், பட்டர், நிற்கும் பை எல்லாம் வந்துவிடும். எதுவும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருக்காது. அயர்ன்களின் பின்பக்கம் குடைந்து, எடையை ஓரங்களுக்குத் தள்ளியிருப்பார்கள்; இதுதான் கேவிட்டி பேக். பந்து நடுவில் படாவிட்டாலும் கொஞ்சம் மன்னித்துவிடும். போலிச் சரக்கு என்ற பயமும் இல்லை. கையில் நேரம் இல்லாதவருக்கு, கிளப்பைப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லாதவருக்கு இதுவே போதும் என்றால் நான் மறுக்க மாட்டேன். டெகத்லான் கடையின் சொந்த பிராண்டான இனெசிஸில் புதுசே அரை செட்டாக வருவதுண்டு. அது இரண்டுக்கும் நடுவழி.

பழைய அரை செட்டுக்கு வருவோம். அடுத்தடுத்த அயர்ன்களுக்கு இடையில் சுமார் 4 டிகிரி லாஃப்டும் அரை அங்குல நீளமும்தான் வித்தியாசம். கை பழகியவருக்கு அது பத்து கெஜ தூரம். புதிதாக ஆடுகிறவருக்கு ஒரே 7 அயர்னில் அடுத்தடுத்து அடிக்கும் இரண்டு பந்துக்கு நடுவிலேயே முப்பது கெஜம் விழும். அப்புறம் 6, 7, 8, 9 எல்லாம் எதற்கு? 5 வுட், 5 ஹைப்ரிட், 7, 9, பிட்சிங் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ், பட்டர். ஏழு உருப்படி. டிரைவரை ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். புதியவரின் பந்தை வலது பக்கம் காட்டுக்குள் அனுப்புவதில் அதற்கு இணை கிடையாது.

வேலூர்க்காரருக்கு இதில் ஒரு சௌகரியமும் உண்டு. முறையான மைதானம் என்றால் சென்னை சுமார் 140 கிலோமீட்டர், பெங்களூரு 200க்கு மேல். நந்தனத்தில் உள்ள காஸ்மோ மைதானமோ, 1876-இல் தொடங்கிய பெங்களூர் கோல்ஃப் கிளப்போ, எங்கே ஆட வாய்ப்புக் கிடைத்தாலும் காட்பாடியில் ரயில் ஏறித்தான் போக வேண்டும். பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் ஏழு கிளப் போட்ட மெல்லிய பையை மேல் தட்டில் படுக்க வைத்துவிடலாம். கால் முளைத்த பெரிய பையோடு ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர் பார்க்கும் பார்வையே வேறு.

பழையது வாங்கும்போது எங்கே பார்க்க வேண்டும்? முதலில் ஹோசல். ஒரு கையில் தலையைப் பிடித்து, மறு கையால் கிரிப்பை, அதாவது கைப்பிடி ரப்பரை, முறுக்குங்கள். 'டிக்' என்று சத்தமோ சின்ன அசைவோ வந்தால், தலையைத் தண்டோடு ஒட்டிய எபாக்ஸி பசை விட்டுவிட்டது. ஃபெரூல் தலையை விட்டு மேலே ஏறி இடைவெளி தெரிந்தாலும் சந்தேகப்படுங்கள். மே மாதம் முழுக்க கார் டிக்கியிலேயே கிடந்த செட்டில் இது சகஜம்; சூட்டில் பசை பலவீனமாகும். ஸ்டீல் ஷாஃப்டில் லேசான துரு துடைத்தால் போகும், குழி விழுந்த துரு போகாது. கண்ணாடி மேசையில் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். கார்பன் இழையில் செய்த கிராஃபைட் ஷாஃப்ட் என்றால் தலைக்குச் சற்று மேலே விரல் நகத்தால் தடவுங்கள். நகம் மாட்டினால் விரிசல், விட்டுவிடுங்கள். எல்லா அயர்னிலும் ஷாஃப்ட் ஸ்டிக்கர் ஒன்றேதானா என்றும் பாருங்கள். நடுவில் ஒன்று மட்டும் மாறியிருந்தால் அது உடைந்து மாற்றியது.

டிரைவரும் சேர்த்து விற்கிறார் என்றால் ஒரு காந்தம் எடுத்துப் போங்கள். டைட்டானியத்தில் காந்தம் ஒட்டாது. டைட்டானியம் என்று எழுதிய முகத்தில் 'டப்' என்று ஒட்டினால் சிரித்துவிட்டுக் கிளம்பலாம். பிங் கம்பெனி அயர்ன் கிடைத்தால் தலையில் இருக்கும் வண்ணப் புள்ளியைக் கவனியுங்கள். அது லை கோணத்தின் அடையாளம். கறுப்பு சாதாரணம், சிவப்பு படுக்கையாக, நீலம் நிமிர்ந்து. நடுத்தர உயரக்காரர் கறுப்பைத் தேடினால் போதும்.

லாஃப்டிலும் ஏமாற வேண்டாம். இருபது வருடத்துக்கு முந்தைய 7 அயர்ன் 35 டிகிரி இருக்கும், இன்றைய பாக்ஸ் செட்டில் அதே எண் 30-ஐ ஒட்டி வரும். பழையதில் தூரம் குறைகிறதே என்று வருந்துபவர் அதை 8 என்று நினைத்துக்கொண்டு அடிக்கலாம். கிளப்பில் கோளாறு ஒன்றும் இல்லை.

இதுவரை சொன்னது எல்லாம் இரண்டு பக்கமும் பேசலாம். எனக்கு முடிவைத் தீர்த்தது கிரிப்.

கை படும் ஒரே இடம் அந்த ரப்பர்தான். இந்த ஊர் வெயிலிலும் வியர்வையிலும் அது சீக்கிரம் இறுகிப் பளபளக்கத் தொடங்கும். பளபளப்பு வந்துவிட்டால் வழுக்கும். வழுக்கினால் கை தன்னை அறியாமல் இறுக்கிப் பிடிக்கும். முன்கை விறைத்தால் மணிக்கட்டு திரும்பாது, கிளப் முகம் திறந்தபடியே பந்தில் மோதும், பந்து வலது பக்கம் வளைந்து ஓடும். ஸ்லைஸ் என்று சொல்லிப் பலர் ஆட்டத்தைத் திருத்தப் பார்ப்பதில் ஒரு பங்கு உண்மையில் கிரிப் கோளாறு. மலிவான பாக்ஸ் செட்டில் வரும் கிரிப் பெரும்பாலும் மெல்லிசான, கெட்டியான ரப்பர். நம் வெயிலில் முதலில் சாவது அதுதான். பத்து, பன்னிரண்டு கிளப்புக்கு நல்ல கிரிப் மாற்றினால் செட் விலையில் கணிசமான பங்கு போய்விடும். அதனால் யாரும் மாற்றுவதில்லை, வழுக்கலோடே ஆடுகிறார்கள். அரை செட்டில் பட்டரை விட்டால் ஆறே கிரிப். வாங்கின அன்றே பழசை உரித்துவிட்டு, கைக்கு ஏற்ற அளவில் புதுசு போட்டுக்கொள்ளலாம். பழைய செட் வாங்கி கிரிப்பை அப்படியே விட்டுவிடுவதாக இருந்தால் என் வாதம் செல்லாது, பாக்ஸ் செட்டே வாங்குங்கள்.

மாற்றுவது வீட்டிலேயே ஆகிற வேலை. தேவை: கொக்கி முனை கத்தி, 2 அங்குல அகல இருபக்க டேப், பெயின்ட் கடை மினரல் டர்பன்டைன், ஒரு தட்டு, பழைய துணி. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் வெட்டுபவர்கள் வைத்திருக்கும் வளைந்த கத்தி இதற்கு அருமை. ஸ்டீல் ஷாஃப்ட் என்றால் உடம்புக்கு எதிர்ப்பக்கமாக ஒரே கோடாகக் கீறி உரிக்கலாம். கிராஃபைட்டில் ஆழமாக அழுத்தினால் இழை வெட்டுப்படும், மேலாகத்தான் கீற வேண்டும். கீழே இருக்கும் பழைய டேப்தான் உயிரை எடுக்கும். ஸ்டீல் ஷாஃப்டை மதிய வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தால் டேப் இளகி வரும். இந்த வெயிலால் ஆகிற ஒரே நல்ல காரியம். மீதிப் பிசினை டர்பன்டைன் துணியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள்.

புது டேப்பை கிரிப் நீளத்துக்குச் சற்றுக் குறைவாக வெட்டி, தண்டின் முனையில் அரை அங்குலம் வெளியே நீட்டி ஒட்டுங்கள். நீட்டியதை முறுக்கி தண்டுக்குள் தள்ளினால் டர்பன்டைன் உள்ளே போகாது. மேல் காகிதத்தை உரித்த பிறகு, புது கிரிப்பின் தலைப்பக்கத் துளையை ஒரு டீயால் (பந்தை மேலே வைத்து அடிக்கும் சின்ன ஆணி) அடைத்து, உள்ளே டர்பன்டைன் ஊற்றி, வாயை மூடிக் குலுக்கி, அப்படியே டேப் முழுக்கக் கொட்டுங்கள். கஞ்சத்தனம் கூடாது. உடனே கிரிப்பின் வாயைச் சப்பையாக அழுத்தித் தண்டில் ஏற்றி, ஒரே தள்ளில் அடிவரை கொண்டுபோங்கள். தண்டு முனை கிரிப்பின் மூடியில் முட்டுவது கைக்குத் தெரியும். அடுத்த அரை நிமிடத்துக்குள் கிளப் முகத்தை நேராக வைத்து கிரிப்பின் கோட்டைச் சரிசெய்ய வேண்டும், அதற்குப் பின் அது நகராது.

பாதியில் நின்றுவிட்டால்? பெரும்பாலும் இரண்டு காரணம்: டர்பன்டைன் குறைவு, அல்லது மதிய வெயிலில் அது ஆவியாகிப் போனது. தயங்காமல் உடனே பின்னால் இழுத்து, மறுபடி நனைத்துத் தள்ளுங்கள். இறுகிவிட்டால் சிரிஞ்சில் டர்பன்டைன் எடுத்து கிரிப்புக்கு அடியில் ஏற்றினால் சில சமயம் விடும். மருத்துவமனை ஊரில் சிரிஞ்சுக்கா பஞ்சம்! வேலையை அதிகாலையிலோ மாலையிலோ நிழலில், ஒவ்வொரு கிளப்பாகச் செய்வது நல்லது. பெட்ரோல் ஊற்றும் பழக்கம் சிலரிடம் உண்டு. தீப்பற்றும், வேகமாக ஆவியாகும், இரண்டு காரணத்துக்கும் வேண்டாம். டர்பன்டைன் மெதுவாகத்தான் காயும், ஒரு இரவு முழுக்க விடுங்கள்.

அளவு விஷயம்: கிரிப்பின் உட்புறம் 60 அல்லது 58 என்று குறிக்கப்பட்டிருக்கும், அதாவது 0.600, 0.580 அங்குலம். ஆண்களின் ஸ்டீல் ஷாஃப்ட் பெரும்பாலும் 60. 58-ஐ 60 தண்டில் ஏற்றினால் சற்றுத் தடிமனாகும். இடது கையால் பிடித்துப் பார்க்கும்போது நடுவிரலும் மோதிர விரலும் உள்ளங்கையை லேசாகத் தொட வேண்டும். அழுந்தினால் கிரிப் மெல்லிசு, தொடவே இல்லை என்றால் தடிமன். மெல்லிசு என்றால் டேப்பை இன்னொரு சுற்று சுற்றி ஏற்றலாம். ஒரு சுற்றுக்கு விட்டம் ஒரு அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு கூடும்.

பராமரிப்பு பெரிதல்ல. ஆடி வந்ததும் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரில் மெல்லிய பிரஷ்ஷால் கழுவி, துடைத்து, நிழலில் சாய்த்து வைத்தால் ஒரு வருடம் தாங்கும். வெயிலில் காயவைத்தால் இத்தனை வேலையும் வீண்.

கிளவ் பற்றி ஒரு வார்த்தை. வலது கைக்காரருக்கு இடது கையில் மட்டும். மிருதுவான கேப்ரெட்டா என்பது கம்பளி இல்லாமல் முடி வளரும் செம்மறியின் தோல். பிடிப்பு அருமை, வியர்வையில் விறைத்துக் காய்ந்துவிடும். செயற்கைத் துணி கிளவ் நம் கோடைக்கு நீடிக்கும். இரண்டு வைத்து மாற்றி மாற்றிப் போடலாம், பையின் மூலையில் சுருட்டித் திணிக்காமல் விரித்து வையுங்கள்.

சாண்ட் வெட்ஜ் தேர்விலும் மண்ணைப் பாருங்கள். காய்ந்து கெட்டியான தரையில் பயிற்சி செய்பவருக்கு 12, 14 டிகிரி பவுன்ஸ் வேண்டாம். சோல் தரையில் மோதித் துள்ளி, பந்தின் வயிற்றில் அடித்து, பந்து தரையோடு பறக்கும். 8 டிகிரி சுமார் இருந்தால் அடக்கமாக இருக்கும்.

பாக்ஸ் செட்டே ஜெயிக்கும் இடங்களும் உண்டு. இடது கைக்காரருக்குப் பழைய சந்தையில் சரக்கு மிகக் குறைவு. ஆறு மாதம் தேடி அலைவதைவிடப் புதுசு எடுப்பதே உத்தமம். வளரும் பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் அயர்னை வெட்டிக் கொடுப்பது சரியல்ல, தலை கனமாக இருக்கும், தண்டு கம்பி மாதிரி விறைத்துவிடும். அவர்களுக்கென்று வரும் லேசான செட்தான் வேண்டும். பெண்களுக்கான மெல்லிய ஃப்ளெக்ஸ் பழையதில் கிடைத்தாலும், ஏழும் ஒரே செட்டாகச் சேர்வது அபூர்வம் என்பதால் அங்கேயும் புதுசின் பக்கமே நான் நிற்பேன்.