ஒரு கிலோவுக்கு எத்தனை கிலோ: கார்பன் தடம் கணக்கிடும் சேவை ஒன்றைப் பற்றி

கடலூர் சிப்காட்டில், சாயத் தொழிலுக்கான இடைநிலை இரசாயனங்கள் செய்யும் நடுத்தர ஆலை ஒன்றில் உற்பத்திப் பொறுப்பில் இருக்கிறேன். எங்கள் பொருளை வாங்கும் ஜெர்மானிய நிறுவனம் ஒன்று, விலைப்புள்ளியுடன் ஒரு கிலோ பொருளின் கார்பன் தடத்தையும் குறிப்பிட்டு அனுப்ப வேண்டும் என்று கேட்டதால், புதுச்சேரியில் இயங்கும் ஆலோசனைச் சேவை ஒன்றை அமர்த்தினோம். மூலப்பொருள் பூமியிலிருந்து எடுக்கப்படும் இடம் தொடங்கி, எங்கள் பொருள் ஆலை வாசலைத் தாண்டும் வரை வெளியேறும் பசுங்குடில் வாயுக்கள் அனைத்தையும் ஐஎஸ்ஓ 14067 தரநிலையின்படி கணக்கிட்டுத் தருவது அவர்கள் ஒப்புக்கொண்ட வேலை.

முதல் சந்திப்பே சற்று உறுத்தியது. விற்பனைக்கு வந்தவர், ஐரோப்பிய எல்லைக் கார்பன் வரி (இறக்குமதியாகும் பொருள்களின் உமிழ்வுக்கு விதிக்கப்படுவது) எங்கள் சரக்கின் மேல் உடனே விழப்போவதைப் போலப் பேசினார். இரும்பு, எஃகு, அலுமினியம், சிமெண்ட், உரம், மின்சாரம், ஹைட்ரஜன் ஆகியவையே அந்த வரியின் பட்டியலில் உள்ளன. எங்களுடையதைப் போன்ற கரிம வேதிப்பொருள்கள் அதில் இல்லை. வாடிக்கையாளர் இந்தக் கார்பன் கணக்கைக் கேட்பதற்குக் காரணம், தாம் வாங்கும் பொருள்களின் உமிழ்வையும் அவர் தம் கணக்கில் காட்ட வேண்டியிருப்பதுதான். உள்ளதைச் சொல்லியிருந்தாலே நாங்கள் கையெழுத்திட்டிருப்போம்.

கணக்கிட வந்த இளம் பொறியாளர் வேறு வகையானவர். மேசையில் உட்கார்ந்து மின் கட்டண ரசீதுகளை மட்டும் கேட்டு வாங்கிப் போய்விடுவார் என்று எண்ணியிருந்தேன். அவரோ இரண்டு நாள் ஷிப்டு மாறும் நேரத்தில் பாய்லர் அருகே நின்று, எந்த ரியாக்டருக்கு எவ்வளவு நீராவி போகிறது என்று ஆபரேட்டர்களிடமே கேட்டுக் குறித்துக்கொண்டார். ஒரே நீராவிக் குழாயிலிருந்து நான்கு பொருள்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் எங்களைப் போன்ற ஆலைகளில், எந்தப் பொருளின் மேல் எவ்வளவு உமிழ்வுப் பாரத்தை ஏற்றுவது என்பதற்கு இப்படி நேரில் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. மின்சாரத்துக்கு மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் எண்ணை, அதாவது யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு என்பதை எடுத்துக்கொண்டதோடு, அந்த எண் மின் நிலையத்தில் எரிவதை மட்டுமே காட்டுகிறது என்பதால், நிலக்கரி வெட்டுவதற்கும் கம்பி வழி இழப்புக்கும் தனியே சேர்த்தார். நெய்வேலி பக்கத்தில்தானே இருக்கிறது, பழுப்பு நிலக்கரிக்குரிய எண்ணைப் போட வேண்டாமா என்று எங்கள் கணக்காளர் கேட்டார். நாடு முழுவதற்கும் ஒரே மின்கட்டமைப்பு என்பதால் சராசரி எண்ணே சரி என்று பொறியாளர் பொறுமையாக விளக்கியதும் எனக்குப் பிடித்திருந்தது.

குறை, வரைவு அறிக்கை வந்த பிறகு தெரிந்தது. கரைப்பானான டொலுயீனை நாங்கள் வடித்தெடுத்து மீண்டும் பயன்படுத்துகிறோம் என்பதால், இழப்பே இல்லாததைப் போல அதற்குச் சுழியம் போட்டிருந்தார்கள். ஆனால் ஒவ்வொரு பேட்சிலும் புதிதாகக் கொஞ்சம் ஊற்றுவது எங்கள் பதிவேட்டிலேயே இருக்கிறது. குறைந்துபோனதில் பெரும்பகுதி கசடோடு சேர்ந்து எரியூட்டிக்குப் போகிறது. ஒரு கிலோ டொலுயீன் முழுதும் எரிந்தால் 3.34 கிலோ கரியமில வாயு வரும், அதைத் தயாரிக்கும்போது வெளியானது தனி. இதைவிடப் பெரிய சிக்கல், நாங்கள் வாங்கும் நைட்ரிக் அமிலத்தில் இருந்தது. அதன் உற்பத்தியில் கசியும் நைட்ரஸ் ஆக்சைடு, நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 273 மடங்கு வெப்பமூட்டக்கூடியது. அதைத் தடுக்கும் வினையூக்கி ஆலையில் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து அமிலத்தின் எண்ணே தலைகீழாகிவிடும். எங்களுக்கு அமிலம் விற்பவரிடம் ஒரு கடிதம்கூட எழுதிக் கேட்காமல், தரவுத்தளத்திலிருந்த ஐரோப்பிய சராசரியை எடுத்துப் போட்டு, அதை அறிக்கையின் பின்னிணைப்பில் சிறிய எழுத்தில் சொல்லியிருந்தார்கள்.

உடன்விளைவாக வரும் சோடியம் சல்பேட் பற்றியும் வாக்குவாதம் நடந்தது. உமிழ்வை எடையின்படி பிரித்தால், அடிமாட்டு விலைக்குப் போகும் அந்த உப்பு பாரத்தில் பெரும்பங்கைச் சுமந்துகொண்டு, எங்கள் முதன்மைப் பொருளை மிக மெலிந்ததாகக் காட்டும். வரைவில் அப்படித்தான் இருந்தது. எங்களுக்குச் சாதகமான எண்தான். ஆனால் வாங்குபவரின் தணிக்கையாளர் முதல் கேள்வியாக இதைத்தான் கேட்பார் என்பதால், விலையின்படி பிரிக்கச் சொன்னோம். மறுப்பின்றித் திருத்தினார்கள்.

கட்டணம் எங்கள் அளவுள்ள ஆலைக்குத் தாங்கக்கூடியது. கணக்குத் தாளைத் தராமல் பிடிஎஃப் மட்டும் அனுப்பியது எரிச்சலூட்டியது. இரண்டு முறை எழுதிக் கேட்ட பிறகே எக்ஸெல் கோப்பு வந்தது. அடுத்த ஆண்டுக் கணக்கையும் அவர்களிடமே கொடுத்திருக்கிறோம், அந்தப் பொறியாளரை நம்பி. ஒப்பந்தத்தில் மட்டும் இரண்டு வரிகள் கூடுதலாகச் சேர்த்தோம்: மொத்த எண்ணில் எத்தனை விழுக்காடு நேரில் அளந்த தரவிலிருந்து வந்தது என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே போட வேண்டும், எக்ஸெல் கோப்பு வந்த பிறகே கடைசித் தவணை.