அயர்லாந்தில் பூர்வீகம் தேடித் தருகிறோம் என்பவர்களிடம் பணம் கட்டும் முன்

என் மாமியார் பாஸ்டனில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய தாத்தா பேட்ரிக், அயர்லாந்தின் கிளேர் கவுண்டியிலிருந்து 1890களில் கப்பலேறி வந்தவர். அந்த மண்ணை ஒருமுறை மிதித்துவிட வேண்டும் என்பது மாமியாரின் நெடுநாள் ஆசை. வம்சாவளியை ஆராய்ந்து, பூர்வீக வீட்டுக்கே காரில் அழைத்துப் போகிறோம் என்ற ஒரு நிறுவனத்துக்கு 1,400 யூரோவை முன்கூட்டியே கட்டினார். அவர்கள் செய்தது அநியாயம். இன்னொரு குடும்பம் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று எழுதுகிறேன்.

தடிமனான ஆல்பம் ஒன்று கொடுத்தார்கள். முதல் பக்கத்தில் தங்க நிறத்தில் 'உங்கள் குலச்சின்னம்'. அயர்லாந்தில் குலச்சின்னம் தனிநபருக்கும் அவர் சந்ததிக்கும் வழங்கப்படுவது. ஒரே குடும்பப் பெயர் உள்ள எல்லோருக்கும் சொந்தமில்லை. சரி, அதைக்கூட மன்னிக்கலாம். உள்ளே, '1881 சென்சஸ்படி இக்குடும்பம் இங்கே வசித்தது' என்று ஒரு வரி. அயர்லாந்தின் 1881 சென்சஸ் தாள்கள் இன்று இல்லவே இல்லை! 1861, 1871 தாள்களை அரசாங்கமே அழித்துவிட்டது. 1881, 1891 தாள்களை முதல் உலகப் போரின்போது காகிதக் கூழாக்கிவிட்டார்கள். 1821 முதல் 1851 வரையிலானவற்றில் பெரும்பகுதி, 1922 ஜூன் 30 அன்று டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் என்ற நீதிமன்ற வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தபோது போய்விட்டது. ஏறக்குறைய முழுமையாகக் கிடைக்கிற மிகப் பழைய சென்சஸ் 1901, 1911 இரண்டும்தான். அவையும் தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இலவசம். ஆக, அந்த வரி கற்பனை.

அதைவிட மோசம், ஆளையே மாற்றிவிட்டார்கள். தாத்தாவின் பாஸ்டன் திருமணப் பதிவில் தாயின் பெயர் ஹனோரா. அந்தத் தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் (கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர்) இருக்கிறது. அதன் நகலை முதலிலேயே அனுப்பியிருந்தோம். ஆல்பத்தில் தாயின் பெயர் மேரி. அவர்கள் பிடித்த பேட்ரிக், 1901 சென்சஸில் மனைவி மக்களோடு கிளேரிலேயே இருக்கிறார். எங்கள் பேட்ரிக்குக்கு அதற்கு முன்பே பாஸ்டனில் கல்யாணம் ஆகிவிட்டது.

அப்புறம் அந்த வீடு. கூரையில்லாத ஒரு கல் கட்டடம். மாமியார் சுவரில் கை வைத்தபடி அழுதார். எந்த நிலமும் வீடும் யார் வசம் இருந்தது என்று பதிந்த பழைய அரசுப் பட்டியலான கிரிஃபித் வரிமதிப்பீட்டில் இதன் மனை எண் என்ன என்று ஓட்டுநரிடம் கேட்டேன். "இந்தப் பக்கம் எல்லாமே அவர்கள் நிலம்தான்" என்றார். சற்று நேரத்தில் டிராக்டரில் வந்த நிலக்காரர், அது தன் அப்பா கட்டிய மாட்டுத் தொழுவம் என்றார். ஒரு வயதான மனுஷியின் கண்ணீரைக் காசாக்கியதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

கிரிஃபித் மதிப்பீடு 1847 முதல் 1864 வரை வெளியானது. வரைபடத்தோடு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வீடு காட்டுகிறேன் என்பவரிடம் அதில் மனை எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். ஒரே பெயரில் பல டவுன்லேண்ட்கள் (அயர்லாந்தின் மிகச் சிறிய நிலப் பிரிவுகள்) உண்டு, எந்தப் பங்கை (parish) சேர்ந்தது என்றும் கேளுங்கள். 1864 முதல் எல்லாப் பிறப்புகளையும் அரசுப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்பது சட்டம், தாயின் பிறந்த வீட்டுப் பெயரோடு. கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளின் படங்களை 2015 முதல் தேசிய நூலகம் இலவசமாகத் தருகிறது. ஒவ்வொரு தகவலுக்கும் மூலப் பதிவின் படம் கேளுங்கள். மழுப்பினால் பணம் கட்டாதீர்கள். நேர்மையாக வேலை செய்யும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அவர்கள் ஆரம்பத்திலேயே 'கிடைக்காமலும் போகலாம்' என்று சொல்லிவிடுவார்கள்.

கிளேரின் தலைநகரான எனிஸ் ஊர் நூலகத்தில் உட்கார்ந்து நாங்களே தேடினோம். மேற்கு கிளேரில் ஒரு பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டில், லத்தீனில், ஹனோராவின் மகன் பேட்ரிக் கிடைத்தார். ஞானப்பெற்றோர் பெயர்கள்கூட இருந்தன.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், 'ஆய்வு முடிவுகளுக்கு உத்தரவாதம் இல்லை' என்று ஒரே பதில். கார்டு வழியாகக் கட்டியதால் வங்கியில் புகார் கொடுத்திருக்கிறோம். அந்த 1881 சென்சஸ் வரியைத்தான் முதல் ஆதாரமாக வைத்திருக்கிறோம்.